போல்சோவரில் தொழிற்கட்சியின் கோட்டை எப்படிச் சரிந்தது?

பிரிட்டனில் 2019 டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில், போல்சோவர் தொகுதியில் டென்னிஸ் ஸ்கின்னர் தோற்றார். 87 வயது, முன்னாள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, 1970லிருந்து அதே தொகுதியில் தொழிற்கட்சி எம்.பி. டெர்பிஷயர் மாவட்டத்தின் இந்தச் சுரங்க ஊர்களைப் பழமைவாதக் கட்சி பிடிக்கும் என்று 20 வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஜெயித்தது அந்தக் கட்சிதான். தொழிலாளி வர்க்கமே அணி மாறிவிட்டது என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள்.

வாக்கு எண்ணிக்கையைப் பார்த்தால் அவ்வளவு சுலபமாக அப்படிச் சொல்ல முடியவில்லை. 2017இல் ஸ்கின்னருக்கு 24,153 வாக்கு, 2019இல் 16,492. ஏழாயிரத்து அறுநூறுக்கு மேல் போய்விட்டது. ஆனால் பழமைவாதக் கட்சிக்குக் கூடியது மூவாயிரத்துக்கும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்காகவே (அதுதான் பிரெக்ஸிட்) நின்ற பிரெக்ஸிட் கட்சிக்கு நாலாயிரம் சொச்சம் போனது, கொஞ்சம் பேர் வாக்களிக்கவே போகவில்லை. இன்னும் பின்னால் போனால் 1997இல் தொழிற்கட்சிக்கு இங்கே 74 சதவீதம், 2010இல் 50. பிரெக்ஸிட் பேச்சே எழாத காலத்திலேயே பாதிச் சரிவு முடிந்துவிட்டது! 2015இல், அதே விலகலைக் கேட்ட யூகிப் கட்சி ஐந்தில் ஒரு பங்கு வாக்கை வாங்குகிறது, 2017இல் அந்தக் கட்சி மங்கியதும் பழமைவாதக் கட்சியின் பங்கு சுமார் 24லிருந்து 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. தலைமுறையாக எதிரியாகப் பார்த்த கட்சிக்கு நேரடியாகப் போட மனசு வராதவர்களுக்கு, இடையில் ஒரு மூன்றாவது கட்சியோ, வாக்களிக்காமல் வீட்டிலிருப்பதோ இளைப்பாறும் இடமாக இருந்தது என்றுதான் இதை வாசிக்கத் தோன்றுகிறது.

சரி, வர்க்கத்துக்கும் கட்சிக்கும் உள்ள பிடிப்பை எப்படி அளக்கிறார்கள்? பழைய முறை ஒன்று இருக்கிறது, ஆல்ஃபோர்டு குறியீடு என்று பெயர். உடலுழைப்புத் தொழிலாளர்களில் எத்தனை சதவீதம் பேர் இடதுசாரிக் கட்சிக்கு (பிரிட்டனில் தொழிற்கட்சிக்கு) போட்டார்கள் என்று பார்த்து, அதிலிருந்து மற்ற வேலை செய்பவர்களில் போட்டவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு இது 40ஐ ஒட்டி இருந்தது. 2019 தேர்தலுக்குப் பிறகு யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 40,000 பேருக்கு மேல் விசாரித்ததில், தொழிற்கட்சிக்குப் போட்டவர்கள் உடலுழைப்புப் பிரிவில் 33 சதவீதம், அலுவலகப் பிரிவிலும் அதே 33. கழித்தால் பூஜ்யம்.

பூஜ்யம் என்றதும் வர்க்கம் செத்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கணக்கு நிற்பதே வேலையை வைத்துப் பிரிக்கும் பழைய தரவரிசையில்தான். அதன்படி, ஓய்வு பெற்று சொந்த வீட்டில் கடனில்லாமல் இருக்கும் முன்னாள் ஃபிட்டர் உடலுழைப்புப் பிரிவில் வருவார், டிகிரி முடித்துவிட்டு கால் சென்டர் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்கும் 26 வயதுப் பெண் நடுத்தர வர்க்கத்தில் வருவார். அந்த ஃபிட்டரின் வீடு எங்கிருந்து வந்தது? பழமைவாதக் கட்சியின் தாட்சர் அரசு 1980இல் போட்ட சட்டம், நகராட்சி வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் அதையே தள்ளுபடி விலையில் வாங்கலாம் என்றது. லட்சக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். அதே யூகவ் ஆய்வில் வயதும் படிப்பும் பெரிய கோடாகத் தெரிந்தன. 39 வயதைத் தாண்டினால் பழமைவாதக் கட்சிக்குப் போடும் வாய்ப்பு அதிகம், பட்டதாரிகளிடம் தொழிற்கட்சி முன்னிலை, பள்ளிப் படிப்போடு நிறுத்தியவர்களிடம் படுதோல்வி.

வேலைக்கும் வாக்குக்கும் நடுவில் எப்போதுமே ஏதோ ஒன்று வேலை செய்ய வேண்டியிருந்தது. கஷ்டப்பட்டு உழைப்பதாலேயே ஒருவர் ஒரு கட்சியின் விசுவாசி ஆகிவிடுவதில்லை, அப்பா எந்தக் கட்சி, கூட வேலை செய்கிறவன் எந்தக் கட்சி, சனிக்கிழமை சாயந்திரம் கிளப்பில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பிடிப்பை உண்டாக்கின. சுரங்க ஊரில் இதெல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது. தொழிற்சங்கம்தான் கட்சிக்கு உறுப்பினரும் பணமும் வேட்பாளரும் கொடுத்தது, ஸ்கின்னரே அந்த வழியில் வந்தவர்தான். சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் நடத்திய 1984-85 வேலைநிறுத்தம் தோற்றது, 1993இல் போல்சோவர் சுரங்கமும் பக்கத்து ஷைர்புரூக் சுரங்கமும் மூடப்பட்டன. ஷைர்புரூக் சுரங்கம் இருந்த நிலத்தில் இப்போது ஒரு விளையாட்டுப் பொருள் நிறுவனத்தின் பிரம்மாண்டமான கிடங்கு நிற்கிறது. அங்கே உடலுழைப்பு இல்லாமல் இல்லை, தாராளமாக இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஏஜென்சி மூலம் வந்தவர்கள், பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பியர்கள், நிரந்தர வேலை இல்லை, ஒரே சங்கமும் ஒரே கிளப்பும் இல்லை. நாடு முழுக்கப் பார்த்தாலும் 1979இல் 1.3 கோடியைத் தொட்ட தொழிற்சங்க உறுப்பினர் எண்ணிக்கை இன்று ஏறத்தாழ அதில் பாதி.

கட்சியும் தன் பங்குக்கு மாறியது. 1990களில் அதன் தலைவர் டோனி பிளேர் நடுத்தர வர்க்க வாக்கைக் குறிவைத்து 1997இல் 418 இடங்களைப் பிடித்தார், ஆனால் தொழிலாளர்களைப் பற்றித் தனியாகப் பேசுவதைக் கட்சி குறைத்துக்கொண்டது. அவர்களில் பலர் அடுத்தடுத்த தேர்தல்களில் எதிர்க்கட்சிக்குப் போடாமல் வாக்களிப்பதையே விட்டுவிட்டார்கள். வெற்றி பெரிதாக இருந்ததால் இது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

2024இல் தொழிற்கட்சி போல்சோவரைத் திரும்பப் பிடித்தது, நாடு முழுக்க 411 இடங்களும் வாங்கியது. ஆனால் வாக்கு விகிதம் 33.7 சதவீதம்தான், வாக்களித்தவர்களே 60 சதவீதம் பேர். பக்கத்துத் தொகுதியான ஆஷ்ஃபீல்டில் ஜெயித்தவர் லீ ஆண்டர்சன். முன்னாள் சுரங்கத் தொழிலாளி, தொழிற்கட்சியின் கவுன்சிலராக இருந்தவர், 2019இல் அதே தொகுதியில் பழமைவாதக் கட்சி எம்.பி.யானார், 2024இல் ரிஃபார்ம் கட்சி (பழைய பிரெக்ஸிட் கட்சிதான், பெயர் மாறியது) வேட்பாளராக நின்று மறுபடியும் ஜெயித்தார்.