முக்காலை இரண்டால் பெருக்கினால் முக்காலேதானா?

நேற்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போதே பேனாவை மூடி வைத்துவிட்டேன். கேள்வி எளிமையானது: 2 × 3/4 எவ்வளவு? நான்காவது தாளாக அதே விடை: 6/8. இது ஆறாம் வகுப்பு இல்லை. ஒன்பதாம் வகுப்பு.

எட்டில் ஆறு என்பது முக்கால்தான். அதாவது முக்காலை இருமடங்காக்கிய பிறகும் பிள்ளையின் கையில் அதே முக்கால்தான் இருக்கிறது. தவறு வரலாம், பரவாயில்லை. எழுதியவருக்கு அது உறுத்தவே இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

சென்ற வருடம் ஒரு தந்தை இதே விடையோடு வந்தார். "மேலேயும் கீழேயும் பெருக்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க?" சொன்னேன்தான். சமான பின்னம் நடத்தும்போது சொன்னேன். அங்கே பெருக்குவது இரண்டால் அல்ல, 2/2 ஆல். 2/2 என்றால் ஒன்று. எந்த எண்ணை ஒன்றால் பெருக்கினாலும் அதே எண்தானே? அதனால்தான் 3/4 உருவம் மாறி 6/8 ஆகிறது, மதிப்பு மாறுவதில்லை. 3/3 ஆல் பெருக்கினால் 9/12, 25/25 ஆல் பெருக்கினால் 75/100. எல்லாம் ஒரே ஆளின் வெவ்வேறு சட்டைகள்.

இரண்டால் பெருக்குவது வேறு கதை. 2 என்பது 2/1. தொகுதிகளைப் பெருக்கினால் 6, பகுதிகளைப் பெருக்கினால் 4. விடை 6/4, சுருக்கினால் 3/2, அதாவது ஒன்றரை. இரண்டு முக்கால் சேர்ந்தால் ஒன்றரை என்று பேச்சில் எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுகிறார்கள். தாளில் எழுதச் சொன்னால்தான் எட்டில் ஆறு வருகிறது.

இதில் ஆசிரியர்களான எங்கள் பங்கும் உண்டு. கரும்பலகையில் 3/4 = 6/8 என்று எழுதிவிட்டு, வாயால் "இரண்டால் பெருக்கியிருக்கிறோம்" என்று சொல்கிறோம். அந்தச் சோம்பேறி வாக்கியம்தான் மூன்று வருடம் கழித்து விடைத்தாளில் வந்து நிற்கிறது.

அந்தத் தந்தையோடு வந்திருந்த பையனிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். நீளவாக்கில் நான்காக மடித்து மூன்று பட்டைகளைத் தீட்டச் சொன்னேன். அப்புறம் குறுக்கே ஒரு மடிப்பு. விரித்தால் எட்டுக் கட்டம், தீட்டியவை ஆறு. "பென்சில் தீட்டின இடம் கூடியிருக்கா?" என்று கேட்டேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இல்ல சார், கோடுதான் கூடியிருக்கு." இதைவிட நல்ல விளக்கம் எனக்கும் தெரியாது. இன்னொரு தாளையும் அதேபோல் தீட்டிப் பக்கத்தில் வைத்த பிறகுதான் இருமடங்கு என்றால் என்னவென்று அவன் முகத்தில் தெரிந்தது.

அடுத்த தொல்லை, 'பெருக்கல்' என்ற சொல்லே. பெருக்கினால் பெருகத்தானே வேண்டும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். 1/2 × 1/4 = 1/8 என்று சரியாகப் போட்டுவிட்டு, விடை சிறிதாகிவிட்டதே என்று பயந்து அடித்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். (வீட்டைப் பெருக்கினால் குப்பை குறைகிறதே என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள், தவறு குறையவில்லை.) பின்னப் பெருக்கலில் × குறியை 'இல்' என்று வாசியுங்கள்: காலில் அரை. நம் முன்னோர் இதற்கு வைத்த பெயரே அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. பெருக்கல் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எல்லாப் பழைய பெயர்களையும் இப்படிப் படித்துவிடாதீர்கள். மாகாணி என்பது மாவும் காணியும் சேர்ந்தது, அது கூட்டல்: 1/20 + 1/80. இருபதில் ஒன்றை 4/80 என்ற சமான பின்னமாக்கினால் மொத்தம் 5/80, அதாவது 1/16.

சமான பின்னமா என்று சரிபார்ப்பதிலும் ஒரு விபத்து நடக்கிறது. 6/8, 9/12 இரண்டும் சமமா என்று கேட்டால், "6-ஐ எந்த எண்ணால் பெருக்கினாலும் 9 வராது, அதனால் சமமில்லை" என்று எழுதுகிறார்கள். முழு எண்ணால் வராது, சரி. இரண்டையும் சுருக்கிப் பார்த்தால் என்னவாம்? இரண்டும் 3/4. அதற்கும் சோம்பலாக இருந்தால் குறுக்கே பெருக்குங்கள்: 6 × 12 = 72, 8 × 9 = 72. தயவுசெய்து இந்தக் குறுக்குப் பெருக்கலை இங்கேயே விட்டுவிடுங்கள். 2/3 × 4/5 என்ற கணக்குக்குள் அதை இழுத்துவந்து 10/12 என்று எழுதாதீர்கள். அங்கே விடை 8/15.

மேலும் கீழும் ஒரே எண்ணைக் கூட்டினாலும் சமான பின்னம் வராது. 2/3-ல் ஒன்றொன்று கூட்டினால் 3/4. இரண்டும் ஒன்றல்ல. அவ்வளவுதான்.

சுருக்குவதைப் பெருக்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 14/15 × 25/28 கணக்கில் 350/420 வரை போய் மூச்சுத் திணறுவானேன்? 14-ம் 28-ம் ஏழிரண்டு பதினான்கால் அடிபடும், 25-ம் 15-ம் ஐந்தால் அடிபடும், மிச்சம் 5/6. ஆனால் நடுவில் இருப்பது + குறியென்றால் கையை எடுத்துவிடுங்கள், அடிக்கக் கூடாது. இலக்கங்களையும் அடிக்கக் கூடாது. 16/64-ல் இரண்டு 6-ஐயும் அடித்தால் 1/4 என்று சரியான விடை வந்து தொலைக்கிறது, அது தற்செயல். அதே வேலையை 13/39-ல் செய்தால் 1/9 வரும். உண்மையில் அது 1/3.

பெற்றோர்களே, வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது "ரெண்டால பெருக்கு" என்று சொல்லாதீர்கள். × 2/2 என்று முழுதாக எழுத வையுங்கள். முழு எண் வந்தால் அதன் கீழே 1 போட வையுங்கள். கணக்குப் போடும் முன், விடை ஒன்றைவிடப் பெரிதா சிறிதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தாள் மடித்த அந்தப் பையன் அடுத்த தேர்வில் 2/1 × 3/4 = 6/4 என்று எழுதியிருந்தான். சுருக்கவில்லை. அரை மதிப்பெண் குறைத்தேன்.