துணியில் தங்கும் ராகித் தவிடு

அல்சூர் மாவு மில்லில் முளைகட்டிய ராகியை அரைத்து வந்ததும் அம்மா அதை மல் துணியில் கொட்டித் தேய்த்துத் தேய்த்துச் சலிப்பார். பேரனுக்குக் கஞ்சி மாவு. வெளிர் மாவு கீழே இறங்கிவிடும். துணியில் செம்பழுப்பாகக் கொஞ்சம் தவிடு தங்கும். நாக்கில் வைத்தால் துவர்க்கும்.

விஷயமே அந்தத் துவர்ப்பில்தான் இருக்கிறது. ராகியை அரிசி மாதிரித் தீட்டுவது கஷ்டம். மணி பொடிசு, தோலோ இறுக்கமாக ஒட்டியிருக்கும், உள்ளே இருக்கும் மாவுப் பகுதி சட்டென்று நொறுங்கிவிடும். அதனால்தான் தோலோடு அரைக்கிறோம். துவர்ப்பு தரும் டானின், கேட்டச்சின், ஃபெருலிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள் என்னும் தாவர வேதிப்பொருள்கள் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன.

ஆய்வகத்தில் இவற்றைப் பிரித்தெடுக்கும்போது, தவிட்டை முதலில் லேசாக அமிலம் கலந்த மெத்தனாலில் ஊறவைப்பார்கள். கேட்டச்சின் போன்றவை சும்மா ஒட்டிக்கொண்டிருப்பவை. அதிலேயே கரைந்து வந்துவிடும். ஃபெருலிக் அமிலம் அப்படி வராது. செல்சுவரின் சர்க்கரைச் சங்கிலியோடு எஸ்டர் பிணைப்பு என்ற வேதிக் கட்டால் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அறுக்கக் காஸ்டிக் சோடா என்ற காரத்தின் கரைசல் வேண்டும். ஆனால் காரத்தில் காற்று பட்டால் பாலிஃபீனால் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுவிடும். அதனால் குடுவைக்குள் நைட்ரஜனை நிரப்பி மூடுகிறார்கள். சில மணி நேரம் கழித்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் புளிப்பாக்கி, எத்தில் அசிடேட் என்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்கினால் ஃபெருலிக் அமிலம் அதற்குள் தாவிவிடும். கரைப்பானை ஆவியாக்கினால் மிச்சம் நிற்பதுதான் சாறு.

முகத்தில் பூசும் வைட்டமின் சி சீரம்களில் ஃபெருலிக் அமிலம் சேர்க்கிறார்கள். அரிசித் தவிட்டிலிருந்து எடுத்ததை நுண்ணுயிரிகளிடம் கொடுத்து வெனிலினாகவும் மாற்றுகிறார்கள். ஐஸ்கிரீம் வாசனைக்குப் பின்னால் தவிடு இருக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை.

சர்க்கரை நோய்க்கு? ராகித் தோலின் சாறு, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியின் வேகத்தைக் குறைப்பது சோதனைக் குழாயில் தெரிந்த சங்கதி. சோதனைக் குழாய் வேறு, வயிறு வேறு. மாத்திரையை விட்டுவிட்டு இதை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இதே டானின் இரும்புச்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. ஆக, குழந்தைக்குச் சலித்துக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ராகியின் கால்சியத்திலும் கணிசமான பங்கு தோலோடு போய்விடுகிறதே!

அம்மாவுக்கு அமைலேஸும் தெரியாது, எஸ்டரும் தெரியாது. துணியை உதறி, அந்தத் தவிட்டைத் தன் ராகி ரொட்டி மாவில் சேர்த்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுப் பிசைந்துவிடுவார்.