பேட்டரியில் ஓடினாலும் அது மரம் அறுக்கும் ரம்பம்தான்

"பேட்டரி மெஷின்தானுங்க டாக்டர், இப்படி ஆகும்னு நினைக்கவே இல்லைங்க." கை அறுவை சிகிச்சைப் பிரிவில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இந்த வாரம் சொன்னவர் தென்னந்தோப்புக்காரர். நீளக் கம்பின் நுனியில் ரம்பம் வைத்த போல் சா ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். காய்ந்த மட்டையை அறுத்தபோது சங்கிலியில் நார் சிக்கி நின்றுவிட்டது. கம்பைத் தரையில் கிடத்தி, மகனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாரை விரலால் உருவியிருக்கிறார். மகனின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. நார் வெளியே வந்த அதே நொடியில் சங்கிலி ஓடியது.

தவறி அழுத்திவிடாமல் இருக்கத்தான் அந்த மெஷினில் லாக் பட்டன் இருக்கிறது. அதை அமுக்கிய நிலையிலேயே டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பட்டனை அமுக்கினால் கை வலிக்கிறதாம். டேப் சுற்றிய லாக்கை நான் பார்ப்பது இது முதல் முறை இல்லை.

எனக்குப் பெரிய ஆதங்கம் இந்த "பேட்டரிதானே" என்ற நினைப்பின் மேல்தான். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், இது வெறும் 20 வோல்ட், அதனால் ஆபத்தும் பத்தில் ஒரு பங்கு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். வோல்ட் குறைவாக இருந்தால் பேட்டரியைத் தொட்டால் ஷாக் அடிக்காது, அவ்வளவுதான். விரலை அறுப்பது சங்கிலியின் பல். மரக்கிளையை அறுக்கும் பலம் அந்த மோட்டாருக்கு இருக்கிறது என்றால், விரல் எலும்பு அதற்கு ஒரு பொருட்டா? சின்ன மெஷினிலேயே சங்கிலி நொடிக்கு 5 மீட்டர் ஓடும். ஆறு இன்ச் ரம்பத்தில் மொத்தச் சங்கிலியின் நீளம் அரை மீட்டருக்கும் குறைவு. நீங்கள் சுதாரித்துக் கையை இழுக்கக் கால் நொடி ஆகும். அதற்குள் முழுச் சங்கிலியும் விரல் மேல் இரண்டு முறைக்கு மேல் சுற்றி வந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. வயர் மெஷினில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பேட்டரி மெஷினில் வயரே கண்ணில் படாததால், அது அணைந்து கிடப்பதாகவே தோன்றுகிறது. பேட்டரி மாட்டியிருக்கும்வரை அது பிளக் சொருகிய மெஷின்தான். சிக்கல் எடுக்க, செயின் இறுக்க, எண்ணெய் விட, பக்கத்து மரத்துக்குத் தூக்கிப் போக, எதற்காக இருந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுங்கள். நாரை விரலால் எடுக்காதீர்கள், ஒரு குச்சியால் எடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே எங்களிடம் வரும் கூட்டம் குறையும்.

அரிவாள் வெட்டையும் ரம்ப வெட்டையும் ஒன்றாக நினைப்பதும் சரியில்லை. அரிவாள் நறுக்கென்று வெட்டும், நரம்பின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்க வழி இருக்கும். சங்கிலி ரம்பம் நான்கைந்து மில்லிமீட்டர் சதையையும் எலும்பையும் தூளாக்கி எடுத்துக்கொண்டு போய்விடும். சேர்க்க நினைத்தால் இடையில் ஒன்றும் இருக்காது. தைத்த நரம்பு வளர்வதும் நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். மணிக்கட்டில் அறுபட்டால், எல்லாம் நன்றாக நடந்தாலும் விரல் நுனிக்கு உணர்ச்சி திரும்ப ஆறு மாதம் பிடிக்கும். முழுதாகத் திரும்பும் என்று நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை.

இனி மின்கம்பி. இங்கேதான் உயிர் போகிறது. மெஷின் 20 வோல்ட்டாக இருக்கலாம், கம்பு அலுமினியம். தோப்பின் மேலே போகிற லைனில் 11,000 வோல்ட்டோ 22,000 வோல்ட்டோ ஓடுகிறது. கம்பு அதைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். பிடியில் இருக்கும் ரப்பர் வழுக்காமல் இருக்கப் போட்டது, அது மின்சாரத்தைத் தடுக்காது. ஃபைபர் கம்பானாலும் ஈரமும் அழுக்கும் ஏறிவிட்டால் நம்ப முடியாது. வெட்டிய பச்சை மட்டை லைன் மேல் சாய்ந்தால் அதன் வழியாகவும் இறங்கும். இப்படி வருகிறவர்களின் உள்ளங்கையில் ஒரு கருப்புப் புள்ளிதான் தெரியும், உள்ளே முழங்கை வரை சதை வெந்திருக்கும். லைனிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது சில மெஷின்களின் கையேடு, 15 மீட்டர் என்கிறது வேறு சில. லைன் பக்கத்தில் மரம் இருந்தால் நீங்கள் தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லுங்கள், லைனை நிறுத்திவிட்டு வெட்டட்டும். இரண்டு நாள் காத்திருப்பதில் மரம் ஓடிவிடாது.

தச்சு வேலைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. ஏஜி ஃபோர் என்கிற நாலு இன்ச் கை கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டாதீர்கள். நாலு இன்ச் பிளேடு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மரத்தில் பல் கடித்த உடனே மெஷின் துள்ளி, பிடித்திருக்கும் கை மேலோ தொடை மேலோதான் விழும். அஞ்சு இன்ச் பிளேடு நுழையவில்லை என்று பிளேடை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்களை என்ன சொல்வது? உங்கள் கைதான் உங்கள் குடும்பத்துக்குச் சோறு.

போல் சாவைத் தலைக்கு நேர் மேலே தூக்கி அறுக்காதீர்கள். கம்பைச் சாய்த்துப் பிடித்து, கிளை விழும் இடத்திலிருந்து ஒதுங்கி நில்லுங்கள். ஏணி மேல் நின்று வேண்டவே வேண்டாம். கனமான கிளையை நுனியிலிருந்து துண்டு துண்டாகக் குறையுங்கள். கிளையின் கீழ்ப்புறத்தில் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை கிழிந்து தொங்காது. ஹெல்மெட், கண்ணாடி, ஷூ. லுங்கியும் கழுத்துத் துண்டும் ஆகாது. டிரில்லிங் மெஷினில் மட்டும் கையுறை போடாதீர்கள், நூல் சுற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு அடிபட்டுவிட்டால், தயவுசெய்து காபித்தூளோ மஞ்சளோ வைக்காதீர்கள். அதைக் கழுவி எடுப்பதிலேயே எங்கள் நேரம் போகிறது. சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். கயிறோ வயரோ கட்ட வேண்டாம். துண்டான விரலைத் தண்ணீரில் லேசாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் பட்டால் உறைந்து வீணாகிவிடும். சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். விரலை ஒட்டும் வசதி உள்ள இடமா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முழுக் கை துண்டானால் ஆறு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும், விரலுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு. விரல் நசுங்கிப்போய்விட்டது என்று நீங்களாகவே தோப்பில் விட்டுவிட்டு வராதீர்கள். அந்த விரல் ஒட்டாவிட்டாலும், பக்கத்து விரலை மூட அதன் தோல் எங்களுக்கு உதவும்.