முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருபவர் பாரமா?

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். கூட வேலை செய்த ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடக்கிறது. செலவுக்குப் பணம் திரட்ட வேண்டும். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, கரூரிலிருந்து தாராபுரம் வழியாகப் பொள்ளாச்சி வரை ஒரே நாளில் சைக்கிளில் போவது, தெரிந்தவர்களிடம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர், அதுவும் ஆடி மாதத்தில். போய்ச் சேர்ந்தும் விட்டார்கள், பணமும் வந்துவிட்டது. ஆனாலும் அவருக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது.

"தாராபுரம் தாண்டினதுக்கப்புறம் எனக்கு முடியலைங்க. காத்து மூஞ்சியில அடிக்குது, கால் நகர மாட்டேங்குது. மத்த அஞ்சு பேரும் மாத்தி மாத்தி முன்னாடி போனாங்க. நான் பொள்ளாச்சி வரைக்கும் அவங்க முதுகுக்குப் பின்னாடியேதான் வந்தேனுங்க. நான் அவங்களுக்குப் பாரமா இருந்தனுங்களா?"

இல்லைங்க. ஒரு துளிகூட இல்லை. எனக்கு இயற்பியலில் பிடித்தமான விஷயங்களில் ஒன்று இந்தப் பதிலுக்குள் இருப்பதால், ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தக் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்றை மற்ற இடங்களில் மலை மறித்துவிடும். இங்கே அது நேராக உள்ளே புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று கிழக்கே பரவும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இதே கதைதான். குடிமங்கலம் பக்கமும் கேத்தனூர் பக்கமும் காற்றாலைகள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதற்கும் இதுவே காரணம். நம் நண்பர்கள் ஆறு பேரும் கிழக்கேயிருந்து மேற்கே, அந்தக் கணவாயின் வாயை நோக்கியே மிதித்துப் போயிருக்கிறார்கள்.

சாப்பாடு, தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தசையிலும் ஈரலிலும் சேமித்துவைத்த கிளைகோஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும், அதனால் வழியில் வாழைப்பழமோ கருப்பட்டியோ போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வியர்வையோடு போகும் உப்பை ஈடுகட்ட வேண்டும். இதெல்லாம் அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. இளநீர், உப்புப் போட்ட மோர், ஒப்புட்டு என்று ஒரு பட்டியலே கடிதத்தில் இருந்தது. அவர் தாராபுரத்துக்கு அப்புறம் தளர்ந்தது பசியால் இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக ஏறும் என்பது பள்ளியில் படித்ததுதான். அந்த வேகம் தரையைப் பொறுத்தது கிடையாது, எதிரே வரும் காற்றைப் பொறுத்தது. நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர், சாதாரண கியர் சைக்கிள், சமதளச் சாலை, காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 25 கிலோமீட்டரில் போக ஏறக்குறைய 110 வாட் திறன் போதும். நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு அது. இப்போது எதிர்காற்று மணிக்கு 20 கிலோமீட்டரில் வீசுகிறது. அதே 25ஐப் பிடித்து வைக்கப் பார்த்தால் 280 வாட்டுக்கு மேல் தேவை. பழக்கமில்லாதவர் கால் மணி நேரத்தில் உட்கார்ந்துவிடுவார். அதே 110 வாட்டிலேயே மிதித்தால் வேகம் 15க்கு விழுந்துவிடும். தாராபுரத்திலிருந்து பொள்ளாச்சி சுமார் 70 கிலோமீட்டர். மூன்று மணிக்கும் குறைவான வேலை நாலே முக்கால் மணி நேரம் இழுக்கும். அவருக்கு நடந்தது இதுதான்.

சரி, அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் போனால் என்ன மாறுகிறது? காற்றை ஒருவர் "வெட்டிக் கொடுப்பதாக" எல்லோரும் சொல்கிறார்கள். நடப்பது அதைவிட அழகானது.

சைக்கிளில் போகிறவரின் நெஞ்சிலும் முகத்திலும் தொடையிலும் காற்று மோதுகிறது. மோதும் இடத்தில் அழுத்தம் கூடுகிறது. காற்று அங்கிருந்து தோளையும் விலாவையும் சுற்றி வழிந்து பின்பக்கம் ஒன்றுசேரப் பார்க்கிறது, ஆனால் நம் உடம்பு பின்னால் படிப்படியாகக் கூம்பும் வடிவம் கொண்டதில்லை, அதனால் அவ்வளவு சட்டென்று திரும்ப முடியாமல் காற்று முதுகின் விளிம்பிலேயே உடம்பை விட்டுப் பிரிந்துவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த, சுழல்கள் நிறைந்த ஒரு குழி உண்டாகிறது. பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும்போது பாலத்தூணுக்குப் பின்னால் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: இரண்டு பக்கமும் தண்ணீர் விரைந்தோட, தூணின் பின்புறம் மட்டும் ஒரு காய்ந்த இலை போகவும் முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு. இந்த வித்தியாசம்தான் சைக்கிள்காரரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பஸ் பாடியின் தட்டையான பின்பக்கத்திலும் இதேதான், பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் குழிக்குள் இருக்கும் காற்று சும்மா நிற்கவில்லை. முன்னால் போகிறவர் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறார். ஆக, பின்னால் வருபவர் சந்திப்பது, தான் போகும் திசையிலேயே கொஞ்சம் நகர்ந்துகொண்டிருக்கும் காற்றை. அவர் முகத்தில் படும் வேகம் குறைவு. இங்கேதான் அந்த இருமடி விதி நமக்கு உதவுகிறது: காற்றின் வேகம் 15 சதவீதம் குறைந்தாலே தடை 28 சதவீதம் குறைந்துவிடும். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கனும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் இருவரில் பின்னவருக்கு 27.1 சதவீதம் தடை குறைந்தது. குனிந்து கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்தால் 23.1. பந்தயக்காரர்கள் நேரப்போட்டியில் படுத்தாற்போல் ஓட்டுவார்களே, அந்த நிலையில் 13.8தான். அதாவது முன்னால் போகும் நண்பர் எவ்வளவு நிமிர்ந்து ஓட்டுகிறாரோ, பின்னவருக்கு அவ்வளவு நல்ல காற்று நிழல்.

இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? முன்னால் போகிறவரின் பையிலிருந்து எடுப்பதில்லை. அந்தக் காற்றை நகர்த்துவதற்கான ஆற்றலை அவர் ஏற்கெனவே செலவு பண்ணிவிட்டார், பின்னால் யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செலவு நடந்தே தீரும். யாரும் வராவிட்டால் அந்தச் சுழல்கள் கொஞ்ச தூரம் சுழன்று, உடைந்து சின்னச் சின்னச் சுழல்களாகி, கடைசியில் வெப்பமாக மாறி வீணாகிவிடும். வீணாகப் போகிற அந்த அசைவில் ஒரு பங்கைப் பின்னால் வருபவர் பயன்படுத்திக்கொள்கிறார்.

என்னை ரொம்பவும் சந்தோஷப்படுத்துவது இதற்கு அடுத்த கட்டம். பின்னால் வருபவரும் சும்மா இல்லை. அவர் நெஞ்சின் முன்னாலும் காற்று மோதி அழுத்தம் கூடுகிறது அல்லவா? அந்த அழுத்தம் அவர் நெஞ்சோடு நின்றுவிடாது. ஒலியைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடும் காற்றில், ஓரிடத்தின் அழுத்த மாற்றம் எல்லாப் பக்கமும் பரவும், ஓட்டத்தை எதிர்த்து முன்பக்கமும் பரவும். அப்படிப் பரவி, முன்னால் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தாழ்வழுத்தக் குழியைக் கொஞ்சம் நிரப்புகிறது. குழி மேடானால் அழுத்த வித்தியாசம் குறையும், வித்தியாசம் குறைந்தால் முன்னவரைப் பின்னுக்கு இழுக்கும் விசையும் குறையும். அதே 2013 ஆய்வில், முன்னால் போகிறவருக்கு நிமிர்ந்த நிலையில் 0.8, குனிந்த நிலையில் 1.7, நேரப்போட்டி நிலையில் 2.6 சதவீதம் தடை குறைந்திருக்கிறது. சக்கரத்தோடு சக்கரம் தொட்டும் தொடாமலும் போகும்போது கிடைக்கும் அளவு அது; சாலையில் பாதுகாப்பான இடைவெளி விட்டுப் போனால் இன்னும் குறையும். சின்ன எண்தான், ஆனால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நம் வாசகர் பொள்ளாச்சி வரை தன் முன்னால் இருந்தவரை இம்மியளவாவது முன்னே தள்ளிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடினார். அவருக்குத் துணையாக 41 பேர் மாறி மாறி ஓடினார்கள். ஐந்து பேர் அவருக்கு முன்னால், காற்றை ஒதுக்குவதற்காகவே திட்டமிட்ட ஒரு வடிவத்தில் ஓடினார்கள். இரண்டு பேர் அவருக்குப் பின்னால் ஓடினார்கள். டிவியில் பார்த்தவர்கள் பலர், பின்னால் எதற்கு ஆள் என்று கேட்டார்கள். எதற்கென்று இப்போது உங்களுக்கே தெரியும்.

கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "ஆடியில கிளம்பினதே தப்பு" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வழியில் இரண்டு பஞ்சர் ஆனதும், "ராசியில்லாதவனக் கூட்டிட்டுப் போனா இப்படித்தான்" என்று இவரைக் காட்டிப் பேசியிருக்கிறார்கள். ஆடியில் காற்று அதிகம், அது பூமியின் அமைப்பு. பஞ்சர் ஆனது முள்ளாலோ கம்பியாலோ. ஒரு மனிதரின் ராசி இன்னொருவரின் டயரைக் கிழிக்காது. நண்பரின் சிகிச்சைக்காக 140 கிலோமீட்டர் மிதித்த ஒருவரிடம் இப்படிப் பேச யாருக்கும் உரிமை கிடையாது. ராசி பேச்சை நம் ஊரில் பலர் தமாஷாக எடுத்துக்கொள்கிறார்கள், கேட்கிறவருக்கு அது தமாஷாக இருப்பதில்லை, வருஷக்கணக்கில் மனதில் நிற்கிறது.

காற்று பக்கவாட்டில் வந்தால் நிழலும் சாய்ந்து விழும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில், முன்னவருக்கு நேர் பின்னால் போவதைவிடச் சற்று வலது பக்கமாகப் போனால்தான் பலன். பந்தயங்களில் சாலை முழுவதும் குறுக்காக விரிந்து ஓடுவார்கள். லாரியும் பஸ்ஸும் ஓடும் நம் சாலையில் அதைச் செய்யவே கூடாது. கிடைக்கிற பலனை வைத்துக்கொண்டு இடது ஓரமாக ஒற்றை வரிசையில் போங்கள், உங்கள் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தோடு உரசும்படி பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் பழக்கம் பையன்களிடம் இருக்கிறது. அந்த நிழல் மிகப் பெரியது என்பது உண்மைதான், ஆனால் லாரி பிரேக் போட்டால் யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

சைக்கிளுக்கு நல்லதாக இருக்கும் இதே நிழல் காற்றாலைக்கு நஷ்டம். ஒரு காற்றாலைக்கு நேர் பின்னால் இன்னொன்று நின்றால் அதற்குக் கிடைப்பது மெலிந்த காற்று. காற்றின் திறன் வேகத்தின் மும்மடியாகப் போவதால் அடி பலமாக விழும். அதனால்தான் காற்று வீசும் திசையில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போலப் பல மடங்கு இடைவெளி விடுகிறார்கள். திரும்பச் சைக்கிளுக்கு வந்தால், ஐந்தோவன் குழு 2018இல் 121 சைக்கிள்காரர்கள் கொண்ட கூட்டத்தைச் சுற்றியிருக்கும் காற்றை ஏறக்குறைய 300 கோடி கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் கணக்கிட்டது, சிறிய பொம்மை உருவங்களை வைத்துக் காற்றுச் சுரங்கத்திலும் சரிபார்த்தது. கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் இருப்பவர்களுக்கு, தனியாகப் போகிறவர் சந்திக்கும் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் மிஞ்சியது. நம் கொங்குப் பகுதியில் இத்தனை பொறியியல் கல்லூரிகள், கண் முன்னால் இப்படி ஒரு கணவாய், வருஷத்தில் நாலு மாதம் தவறாமல் வரும் காற்று. கேரியரில் சாப்பாட்டுக்கூடையோடு போகும் நம் சைக்கிளுக்கும், நெருக்கமாக நட்ட பழைய காற்றாலைகளுக்கும் பின்னால் காற்று எப்படிச் சுழல்கிறது என்பதை மாணவர்கள் இங்கேயே அளக்கலாம். பெரிய பணமெல்லாம் தேவையில்லை, விழா மேடைக்கும் பேனருக்கும் ஆகும் செலவில் பாதியைக் காற்றளவிகளுக்கும் மாணவர்களின் பயணப்படிக்கும் ஒதுக்கினால் ஆரம்பிக்கலாம். ஒதுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்த ஆடியிலும் போகப்போவதாக எழுதியிருக்கிறார்கள், அதற்குச் சில யோசனைகள். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப் படிந்துவிடுவதால் மேலே ஓடும் வேகக் காற்று கீழே இறங்காது. வெயில் ஏறித் தரை சூடானதும் இரண்டும் கலந்து எதிர்காற்று பலமாகும். எனவே கரூரிலிருந்து விடிகாலை நாலு மணிக்கே கிளம்பி, முன்னும் பின்னும் நல்ல விளக்குப் போட்டுக்கொண்டு, முடிந்த அளவு தூரத்தை வெயிலுக்கு முன்பே கடந்துவிடுங்கள். தாராபுரத்துக்கு அப்புறம் பலசாலிகள் முன்னால் இருக்கும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது, அதே வேகத்தில் கூடுதல் நேரம் முன்னால் இருந்தால் போதும். மூன்று பேருக்குப் பின்னால் போகிறவருக்குத் தடை பாதியாகிறது என்று வைத்தால், அதே 110 வாட்டில் வேகம் 15லிருந்து 20க்கு ஏறும், 70 கிலோமீட்டரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். நம் வாசகரை நாலாவது அல்லது ஐந்தாவது இடத்தில் விடுங்கள், கடைசியில் விட வேண்டாம். கடைசியில் இருப்பவர் பின்தங்கினால் முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, இரண்டு சைக்கிள் நீளம் விட்டுப்போனாலே நிழல் மெலிந்துவிடும், பிறகு தனியாக மிதித்து எட்டிப்பிடிப்பது ரொம்பக் கஷ்டம். அவருக்குப் பின்னால் ஒருவர் இருந்தால் உடனே குரல் கொடுக்கலாம், அந்தச் சின்னத் தள்ளலும் கிடைக்கும்.

இந்த முறை திரும்பவும் சைக்கிளிலேயே வருவதாக இருந்தால், பொள்ளாச்சியிலிருந்து காற்று முதுகுப் பக்கம். 25இல் போகும்போது முகத்தில் படும் காற்றின் வேகம் வெறும் 5தான், யாருக்கும் யார் நிழலும் தேவைப்படாது. தாராபுரம் வரை அவரே முன்னால் போகட்டும்.