ஆல்பம்: தொகுப்பா, கோவையா?

‘கல்யாண ஆல்பம்’ என்றால் படங்கள் ஒட்டிய கனத்த புத்தகம். ‘ஆல்பம் பாட்டு’ என்றால் சினிமாவில் வராத பாட்டு; ஒற்றைப் பாட்டுக்கும் நம்மூரில் அதுதான் பெயர். ராக் கேட்பவர்கள் சொல்லும் ஆல்பம் இவை இரண்டும் இல்லை. ஒரு குழு வரிசையை யோசித்து அடுக்கி, ஒன்றாக வெளியிடும் பாடல்களின் கட்டு அது.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘அல்புஸ்’ என்றால் வெள்ளை. பண்டைய ரோமில் ஆணைகளை எழுதிப் பொது இடத்தில் வைத்த வெள்ளையடித்த பலகைக்கு ‘அல்பும்’ என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கிய ஏட்டுக்கு அது போனது. பிறகு தபால்தலைக்கும் போட்டோவுக்கும். 1968இல் பீட்டில்ஸ் என்ற ராக் குழு வெள்ளை அட்டையில் வெளியிட்டதை ‘ஒயிட் ஆல்பம்’ என்கிறார்கள். வேரைப் பார்த்தால் ‘வெள்ளை வெள்ளை’. நம்முடைய ‘நடு சென்டர்’ மாதிரி.

இசைக்கு இந்தப் பெயர் வந்தது இசைத்தட்டின் இடப்பற்றாக்குறையால். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் அடங்கும். நீண்ட இசையைப் பல தட்டுகளில் பிரித்துப் பதித்து, உறைகளைப் புத்தகம்போல் கட்டி விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி.யை (‘லாங் பிளே’, நீண்ட நேரம் ஓடும் தட்டு) கொண்டுவந்ததும் அத்தனையும் ஒரே தட்டில் அடங்கிற்று. புத்தகம் போனது, பெயர் நின்றது.

எல்.பி.யிலும் பக்கத்துக்கு 22 நிமிடம் தாண்டினால் வரிப்பள்ளங்களை நெருக்க வேண்டும், ஒலியளவு குறையும். ஊசிக்கு அடியில் வெளிவிளிம்பில் நொடிக்கு 50 செ.மீ. ஓடும் பள்ளம், உள்வட்டத்தில் 21 செ.மீ.தான் ஓடும். அங்கே உச்ச ஒலிகள் கரகரக்கும். எந்தப் பாட்டு எங்கே வரவேண்டும் என்பதில் தட்டுக்கும் ஒரு வாக்கு உண்டு.

இந்த எல்லைக்குள் கட்டப்பட்டதுதான் பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கில ராக் குழுவின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ (1973): இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 43 நிமிடம். இதயத்துடிப்பில் தொடங்கி அதே துடிப்பில் அடங்கும். ‘பிரீத்’ பாட்டு ‘டைம்’ முடிவில் திரும்பி வரும். ‘மனி’ பாட்டின் முகப்பில் கேட்கும் காசும் கல்லாப்பெட்டியும் கிழியும் காகிதமும், ஒலிநாடாவை அளந்து 7 துண்டுகளாக வெட்டி வளையமாக ஒட்டியவை. ஒவ்வொரு துண்டும் தாளத்தில் ஒரு எண்ணிக்கை. பாட்டின் தாளமும் 7தான். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் இந்த ஆல்பம் 1988 வரை 741 வாரம் இருந்தது. தனிப்பாட்டின் கவர்ச்சி இத்தனை காலம் தாங்காது. தாங்கியது கட்டுமானம் என்பதே எங்கள் கணிப்பு. வரிசையைக் கலைக்கும் ஷஃபிளில் போட்டால் அந்தக் கட்டுமானம் குலையும். எம்.பி.3 கோப்பின் இரு முனையிலும் சேரும் மௌனத்துணுக்கால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ‘டக்’கென்று அறுபடும், பிளேயரில் இடைவெளி விடாமல் ஓட்டும் ‘கேப்லெஸ்’ வசதியைப் போட்டு, ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடை 0 நொடியில் வைக்க வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? ‘இசைத்தட்டு’ பொருளின் பெயர், படைப்பின் பெயர் அல்ல. ‘இசைத்தொகுப்பு’ பரவலாக வழங்குகிறது, பிழையும் இல்லை. ஆனால் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று பிரிக்கிறது. தனித்து நிற்கும் ‘சிங்கிள்’ முத்தகம். தேர்ந்த பாடல்களைச் சேர்த்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகைநிலை. அதற்குத் ‘தொகுப்பு’ கச்சிதம். பிங்க் ஃபிளாய்டு செய்தது, பாட்டுகள் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் தொடர்நிலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதற்கு ‘இசைக்கோவை’ என்பதே எங்கள் தேர்வு. கோவை என்றால் கோத்தது. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் 400 பாட்டும் துறைவரிசையில், அதாவது காதலின் கட்டங்கள் வரும் வரிசையில், நிற்பதுபோல, இதிலும் ஒரு மணியை இடம் மாற்றினால் மாலை வேறாகிவிடும்.

‘இசைக்கோர்ப்பு’ வேறு. எந்த வாத்தியம் எங்கே வாசிக்க வேண்டும் என்று அமைக்கும் வேலை அது.