நெல்லி மரத்தில் ஒரு தண்ணீர்த் திருட்டு

“பழங்குடிகள் நெல்லிக்காய் பறிப்பதால்தானே காட்டு நெல்லி மரங்கள் அழிகின்றன?” என்று அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். காயெல்லாம் போய்விட்டால் கன்று எங்கிருந்து முளைக்கும்? ஆனால் சாமராஜநகர் மாவட்டத்துப் பிளிகிரி ரங்கன மலையில் வாழும் சோலிகர் என்ற பழங்குடியினரைக் கேட்டால், மரத்தின் மேலே கை காட்டுவார்கள். அங்கே இருப்பது புல்லுருவி, மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு செடி.

இதன் வேரைத் தாயத்தில் அடைத்தால் பணம் கொட்டும் என்று விற்பவர்கள் உண்டு. இதற்கு மண்ணில் வேரே கிடையாது என்பதுதான் வேடிக்கை. சிட்டுக்குருவியைவிடச் சிறிய பூக்கொத்தி பழத்தைத் தின்னும். விதையைச் சுற்றிப் பிசின் இருப்பதால் எச்சம் சுலபத்தில் கீழே விழாது. பறவை பின்பக்கத்தைக் கிளையில் தேய்த்துத் துடைத்துக்கொள்ளும். ஒட்டிய விதை அங்கேயே முளைத்து, பட்டையைத் துளைத்து, நேராக சைலத்தில், அதாவது மரம் வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்களில், வாய் வைக்கும்.

பச்சை இலை இருப்பதால் சர்க்கரையைத் தானே தயாரித்துக்கொள்ளும். தண்ணீரும் தாது உப்புகளும்தான் திருட்டு. சரி, எப்படி உறிஞ்சுகிறது? வெயில் ஏறினால் மரம் இலைத்துளைகளை மூடி நீரை மிச்சம் பிடிக்கும். புல்லுருவி அவ்வளவு சீக்கிரம் மூடாது. அதன் இலையில் நீர் ஆவியாக ஆவியாக இழுவிசை கூடுகிறது. அதிகமாக இழுக்கிற பக்கம் தண்ணீர் போகிறது. காவேரித் தண்ணீர் வருகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் லைனிலேயே மோட்டார் மாட்டினால் நம் குழாய் என்ன ஆகும்? அதேதான்.

முன்பெல்லாம் கோடை முற்றுவதற்கு முன்பே சோலிகர்கள் ‘தரகு பெங்கி’, அதாவது சருகுத் தீ வைப்பார்கள். முழங்கால் உயரத்தில் ஓடி அணைந்துவிடும் தீ. அந்தச் சூட்டிலும் புகையிலும் புல்லுருவி வாடும், காட்டில் களையாகப் பரவும் உண்ணிச்செடியின் (லாண்டானா) கன்றுகள் கருகும் என்பது அவர்கள் கணக்கு. 1974இல் காடு சரணாலயமானது. தீக்குத் தடை வந்தது. அப்புறம் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மேல் மண்டியது.

பெங்களூரின் ‘ஏட்ரீ’ (ATREE) என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு பக்கம் மரங்களை எண்ணினார்கள், மறுபக்கம் சோலிகர்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். புல்லுருவி பிடித்த நெல்லியில் காய்ப்பு குறைவது அளவீட்டிலும் தெரிந்தது. தீயின் பங்கை உறுதியாகச் சொல்ல, ஒரு துண்டுக் காட்டைக் கொளுத்தியும் இன்னொன்றைக் கொளுத்தாமலும் பத்து வருடமாவது பார்க்க வேண்டும். ஆய்வுக்கான மானியங்களோ பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடுகின்றன. ராக்கெட்டுக்கு இருக்கிற பொறுமை காட்டுக்கு ஏனோ இல்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, 2011இல் இங்கே சோலிகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. பறிக்கலாம், விற்கலாம், தீ மட்டும் வைக்க முடியாது. இப்போதைக்குக் கைவசம் இருப்பது கத்திதான்: காய் பறிக்க ஏறும்போதே புல்லுருவி பிடித்த கிளையையும் வெட்டிவிடுவது. ஆனால் அந்தக் கிளையோடு அதில் காய்க்க வேண்டிய அடுத்த வருடக் காயும் போய்விடும்.