விலைச்சீட்டோடு வந்த கடகம்

போன வாரம் தரம் 8 பிள்ளை ஒருத்தி சித்திரப் பாட ஒப்படை என்று ஒரு கடகத்தை, பனையோலைக் கூடையை, நீட்டினாள். அடியில் விலைச்சீட்டு அப்படியே இருந்தது, அதை உரிக்கக்கூட வீட்டில் யாருக்கும் நேரமில்லை போல. இந்தத் தவணையில் இது நாலாவது. புள்ளி போடவில்லை என்றதும் அம்மா போன் எடுத்தார்: "பின்னல் வேலைதானே மிஸ், அதுக்கு ஏன் இவ்வளவு?"

நான் கேட்டது கடகமே இல்லை. உள்ளங்கை அகலத்தில் பிள்ளையே நெய்த ஒரு துண்டு, அவ்வளவுதான். பாவு நூல் இழுத்துக் கட்டி நிற்கும், ஊடை நூல் ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகப் போகும், அடுத்த வரியில் அது மாறும். சொல்ல லேசு. மூன்றாவது வரியில் ஒரு நூலைத் தாண்டிவிட்ட பிள்ளைக்கு அது பத்தாவது வரியில்தான் கண்ணில் படும், எட்டு வரியையும் பிரித்துவிட்டுத் திரும்பப் பின்ன வேண்டும், அப்போது வாய்க்குள் முணுமுணுத்து எண்ணுகிறதே, அந்த எண்ணலுக்குத்தான் நான் புள்ளி போடுவது. கடையில் வாங்கிய கடகத்துக்கு வடக்கில் யாரோ ஒரு அம்மா எண்ணியிருப்பார். புள்ளியை அவருக்குத்தான் அனுப்ப வேண்டும்.

"படிக்காத சனம் செய்யிற வேலை" என்றும் ஒரு அப்பா சொன்னார். சரி, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைப் பாருங்கள். கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்குப் பிட்டு குழலில் அவிகிற சாமான், அதனால் வகுப்பில் அதைக் காட்டினால் பாதிப் பேர் தொப்பி என்கிறார்கள். கூம்பாகப் பின்னிய பனையோலை, இடுக்கால் ஆவி ஏற வேண்டும், மா கீழே கொட்டவும் கூடாது. அந்த இடுக்கை அளவுகோல் இல்லாமல் கையாலேயே பிடித்தவர் படிக்காதவரா? கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாயும் அப்படித்தான். ஹண என்ற செடியின் நாரில் யானையும் பறவையும் வருவது வரைந்து அல்ல, நூலை எண்ணி எண்ணி. அதை நெய்தவர்களை ஒரு காலத்தில் சாதி சொல்லி ஒதுக்கி வைத்தார்கள், 2021இல் அதே கைவினை யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனைச் சாரத்தை உடுத்துக்கொண்டே நெசவை இளக்காரமாகப் பேசுகிறவர்களையும் கண்டிருக்கிறேன்.

வீட்டில் செய்யும்போது சில விஷயம். தடித்த அட்டையின் இரண்டு பக்கமும் அரைச் சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டுப் போட்டால் தறி தயார், இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஊடை நூலை விறைப்பாக இழுக்க விடாதீர்கள், துண்டு நடுவில் இடுப்புப் பிடித்துவிடும் (ஒவ்வொரு வருசமும் கத்துகிறேன்). ஓலை என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பின்னுங்கள், இல்லாவிட்டால் முறியும். ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் கொழும்புப் புழுக்கத்துக்கு இரண்டு நாளில் பூஞ்சணம். ஈர்க்குக் கிழிப்பதும் சாயம் கொதிக்க வைப்பதும் பெரியவர்கள் வேலை, பிள்ளையின் கையில் பிளேட்டைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து இரவு பதினொரு மணிக்கு நீங்கள் உட்கார்ந்து முடித்துக் கொடுக்காதீர்கள். முதல் நாலு வரி தொளதொளவென்று, ஐந்தாவதிலிருந்து மெஷின் போட்ட மாதிரி. எனக்குத் தெரியாதா?

கடகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை அட்டைத் தறியோடு வரச் சொல்லியிருக்கிறேன், வெறும் அட்டையும் நூலும்.